துவாரபாலகர் கையில் ஒரு கொக்கி

சென்ற வாரம் எங்கள் மாடி அறைக்கு ஏ.சி. பொருத்த ஒருவர் வந்தார். நல்ல மனிதர். செருப்பை வாசலிலேயே கழற்றினார். சுவரில் துளையிடுவதற்கு முன் கட்டில்மேல் பழைய துணியை விரித்துத் தூசி படாமல் பார்த்துக்கொண்டார். உள்வேலை முடிந்தது. பிறகு ஜன்னலைத் திறந்து, ஒரு காலை வெளியே எடுத்து சன்ஷேடில் ஊன்றினார். இடக்கையால் ஜன்னல் சட்டத்தைப் பற்றிக்கொண்டு வலக்கையை உள்ளே நீட்டினார்.

"அந்த ட்ரில்லிங் மெஷினை எடுத்துக் குடுங்கம்மா."

நான் கொடுக்கவில்லை. "பெல்ட் கொண்டுவந்தீர்களா?" என்று கேட்டேன்.

"ரெண்டாவது மாடிதானேம்மா" என்று சிரித்தார்.

தானே! எந்த உயரத்திலிருந்து இந்தத் 'தானே' நம்மைக் கைவிடத் தொடங்குகிறது? முதல் மாடியிலா, மூன்றாவதிலா? அவரை உள்ளே வரச் சொன்னேன். காபி கொடுத்தேன். மெஷினை மட்டும் கொடுக்கவில்லை. "ஒரு ஏ.சி. மாட்டுறதுக்கு இவ்ளோ சட்டமா" என்று முனகியபடியே அவர் போனார்.

என்னைப் பிடிவாதக்காரி என்று நீங்கள் நினைக்கலாம். அப்படி ஆகிவிட்டேன் என்பது உண்மைதான். எங்கள் கோபுரம்தான் என்னை அப்படி ஆக்கியது.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என் மொட்டை மாடி பழக்கமான இடம். சந்நிதித் தெருவின் முனை வீடு எங்களுடையது. மாடியில் நின்றால் கோயில் கோபுரத்தின் மூன்றாம் நிலை நேர் எதிரே நிற்கும். காஞ்சிபுரத்தின் பெரிய கோபுரங்களோடு ஒப்பிட்டால் இது சிறியதுதான், ஐந்து நிலை. ஆனாலும் தினமும் கண்விழித்ததும் பார்க்கும் கோபுரத்தை யாராவது அளந்து பார்ப்பார்களா?

கும்பாபிஷேகத்துக்கான திருப்பணி தொடங்கியபோது, சவுக்குக் கட்டைகளால் சாரம் கட்டிப் பச்சை வலையைப் போர்த்தினார்கள். தெருவிலிருந்து பார்ப்பவர்களுக்குக் கோபுரம் மறைந்துவிட்டது. எங்கள் மாடிக்கு எதிரே மட்டும், வெளிச்சம் வேண்டும் என்று வலையை விலக்கிக் கட்டியிருந்தார்கள். அதனால் எனக்கு ஒரு புதிய உத்தியோகம் வந்து சேர்ந்தது.

அந்த உத்தியோகத்தைக் கொடுத்தவள் கோமதி. எங்கள் தெருவிலேயே பட்டுத்தறி நெய்கிறவள். அவள் கணவர் தாமு சுதை வேலைக்காரர். சுண்ணாம்பும் செங்கல்லும் கம்பியும் கொண்டு கோபுரத்துப் பொம்மைகளைச் செப்பனிட்டு வண்ணம் தீட்டுகிறவர். மதியம் சாப்பாட்டுத் தூக்கோடு கோயிலுக்குப் போகும் கோமதி, எங்கள் வீட்டு வாசலில் நின்று அண்ணாந்து கேட்பாள்.

"அக்கா, மேல இருக்குறாரா?"

"இருக்கிறார்" என்பேன். அவ்வளவுதான். அவள் முகம் தளரும், நடையைத் தொடர்வாள்.

நான் அவர்கள் இருவரையும் பற்றி யோசித்திருக்கிறேன். அவளுடையது குழித்தறி. கால்கள் தரைக்குக் கீழே, பள்ளத்தில் இருக்கும். நாளெல்லாம் மண்ணுக்குள் கால் வைத்து உட்கார்ந்திருக்கிறவள், நாளெல்லாம் கால் வைக்க இடம் தேடுகிற ஒருவரைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். தறியில் ஓர் இழை அறுந்தால் பிணைத்துக்கொள்ளலாம். மேலே...? அந்த வாக்கியத்தை அவள் ஒருநாளும் முடித்ததில்லை. "மேல இருக்குறாரா" என்று மட்டும் கேட்பாள்.

திருப்பணி தொடங்கிச் சில நாட்களில் சுகந்தி வந்து சேர்ந்தாள். முசரவாக்கத்துப் பெண். நாற்று நட்டும் களை பறித்தும் பெற்றோர் படிக்க வைத்தார்கள். பாதுகாப்புப் படிப்பில் டிப்ளமோ வாங்கி, ஒரு தொழிற்சாலையில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு வந்தவள். திருப்பணிக் கான்ட்ராக்டர் அவளை சேஃப்டி சூப்பர்வைசராக நியமித்திருந்தார். ஆள் உயரத்துக்கு மேல் ஏறுகிற ஒவ்வொருவருக்கும் பெல்ட், அதை மாட்ட ஒரு கயிறு, அந்தக் கயிற்றைத் தாங்க ஓர் இடம். இவை இல்லாமல் யாரும் ஏறக்கூடாது என்பது அவளுடைய முதல் உத்தரவு.

மேற்பார்வைக்கு எங்கள் மாடியைவிட வசதியான இடம் ஏது? "மேடம், உங்க மாடியில கொஞ்சம் நின்னுக்கலாமா?" என்று கேட்டு வந்தாள். அன்றிலிருந்து என் தேநீர் இரண்டு தம்ளர் ஆனது.

அவளுக்கு ஆட்கள் வைத்த பெயர் பெல்ட்டம்மா. "டேய், பெல்ட்டம்மா வந்துட்டாங்கடா" என்ற குரல் சாரத்தின் ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்குத் தாவுவதை நானே கேட்டிருக்கிறேன். அவர்களின் மேஸ்திரி ஏகாம்பரம் ஒருநாள் கீழே நின்று, தோளையும் தொடையையும் சுற்றி வரும் அந்தப் பெல்ட்டை மாட்டிக்கொண்டு எல்லோரும் பார்க்கத் திரும்பிக் காட்டினார்.

"இத மாட்டிக்கினு கயித்துல தொங்குனா, குரங்காட்டி கூட்டிக்கினு போற குரங்கு மாதிரி இருக்குது மேடம்."

"குரங்குக்கு இது வேணாம்ண்ணா" என்றாள் சுகந்தி. "அதுக்கு வால் இருக்குது. நமக்கு இல்ல, அதான்."

கூட்டம் சிரித்தது. ஏகாம்பரமும் சிரித்தார். ஆனால், சிரித்துக்கொண்டே தன் மணிக்கட்டை உயர்த்திக் காட்டினார். மஞ்சள் தடவிய நூல் சுற்றியிருந்தது. "பூஜை போட்டு காப்புக் கட்டிக்கினுதான் ஏறுறோம். எங்க அப்பாரு காலத்துலர்ந்து இதான் எங்களுக்கு பெல்ட்டு."

சுகந்தி அந்த நூலைக் கேலி செய்யவில்லை. "அதுவும் இருக்கட்டும். இதுவும் இருக்கட்டும்ண்ணா" என்றாள். இரண்டும் இருந்தன. எல்லோரும் பெல்ட் அணியத் தொடங்கினார்கள். பிரச்சினை தீர்ந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஒரு காலை, என் மாடியில் நின்றிருந்த சுகந்தியின் கையில் தம்ளர் அப்படியே நின்றுவிட்டது.

"மேடம், தாமு அண்ணன் கொக்கிய எங்க மாட்டிக்கினு இருக்குறாரு பாருங்க."

பார்த்தேன். கோபுரத்தின் ஒவ்வொரு நிலையிலும் நடுவில் ஒரு வாசல் உண்டு. அதன் இருபுறமும் துவாரபாலகர்கள் நிற்பார்கள். மூன்றாம் நிலையில் இடப்பக்கத்துத் துவாரபாலகர் ஒரு கையை மேலே தூக்கி, விரல்களை மலர்த்தி வைத்திருப்பார். உள்ளே இருக்கும் இறைவனின் பெருமையை எண்ணி வியக்கும் கை அது. சிற்பிகள் அதை விஸ்மய முத்திரை என்பார்கள். தாமு தன் பெல்ட்டின் கயிற்றை அந்த வியப்பின் மணிக்கட்டில் சுற்றிக் கொக்கியை மாட்டியிருந்தார்.

சுகந்தி கீழே இறங்கி ஓடினாள். நானும் போனேன். வயது ஆனால் என்ன, ஆர்வத்துக்கு முட்டி வலிக்குமா?

தாமுவை இறங்கி வரச் சொல்லி, பிராகாரத்தில் எல்லோரையும் கூப்பிட்டாள். குரலை உயர்த்தவில்லை.

"அண்ணா, ஏன் அங்க மாட்டினீங்க?"

"சாரத்துல மாட்டக்கூடாதுன்னு நீங்கதான மேடம் சொன்னீங்க. சாரம் சாஞ்சா நாமளும் சேர்ந்து சாயணும்னு. அதான் சாமி கையில மாட்டிக்கினேன். அதவிட கெட்டியா எது இருக்குது?"

அவர் கேலியாகச் சொல்லவில்லை. சுற்றி நின்றவர்களும் தலையசைத்தார்கள். விசாரித்தபோது தெரிந்தது, அநேகமாக எல்லோருமே அவரவருக்குப் பிடித்த சாமியின் கையிலோ காலிலோதான் மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் நந்தியின் கொம்பில்!

சுகந்தி கேட்டாள். "அந்தக் கைக்குள்ள என்ன இருக்குதுண்ணா?"

"கம்பி. செங்கல்லு. மேல சுண்ணாம்பு."

"யாரு செஞ்சது?"

தாமுவின் முகத்தில் ஒரு பெருமிதம். "பழைய கை விண்டு போயிருந்துச்சி. இது நான் செஞ்சது. ஏன், நான் செஞ்சது தாங்காதா?"

அந்தக் கைக்குள் இருப்பது என்ன என்பது இந்த ஊரில் அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? கம்பியை வளைத்தவர் அவர். சாந்தைக் குழைத்தவர் அவர். செய்து முடித்துக் கையைக் கழுவியதும், தான் செய்ததே தன்னைத் தாங்கும் என்று அதில் தன் உயிரை மாட்டிவிட்டார். இது பக்தியா, தொழில் கர்வமா? இரண்டையும் பிரிக்க எனக்குத் தெரியவில்லை. இந்த ஊருக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

சுகந்தி சற்று யோசித்துத்தான் பதில் சொன்னாள்.

"தாங்கும்ண்ணா. கையா இருக்குறதுக்கு செஞ்சீங்க, நூறு வருஷம் கையா இருக்கும். ஆனா கொக்கியா இருக்குறதுக்கு செய்யலையே. நீங்க விழுந்தா உங்க எடை மட்டும் அது மேல வராது. விழுற வேகமும் சேர்ந்து வரும். கையும் வந்துடும், நீங்களும் வந்துடுவீங்க."

ஏகாம்பரம் தாடையைத் தடவிக்கொண்டார். "அதுவும் சரிதான். சாமிய இழுத்துக்கினு விழுறது பெரிய பாவம்பா" என்றார். தான் விழுவதைவிடச் சாமி விழுவது அவருக்குப் பெரிதாகப்பட்டது. எந்தக் காரணமானால் என்ன, பலித்தது. "அப்ப எங்கதான் மாட்டுறது மேடம்?"

விடை கோபுரத்துக்குள் இருந்தது.

கோபுரம் உள்ளே கூடு. ஒவ்வொரு நிலைக்கும் மரப்படி ஏறிப் போகலாம். நிலைவாசலைவிட நீளமான இரும்புக் குழாயை உள்பக்கமாகக் குறுக்கே போட்டால், இரண்டு பக்கமும் பருத்த சுவர் அதைத் தாங்கிக்கொள்ளும். வெளியே இழுத்தால் குழாய் சுவரோடு இன்னும் இறுகும். அதிலிருந்து ஒவ்வொருவருக்கும் தனிக் கயிறு வாசல் வழியே வெளியே தொங்கும். பெல்ட்டை அந்தக் கயிற்றோடு இணைக்க ஒரு பிடிப்பான். மெதுவாக ஏறி இறங்கினால் அது கூடவே நகரும்; சட்டென்று இழுத்தால் கவ்விக்கொள்ளும்.

கயிறு வாசல் விளிம்பில் உரசும் இடத்தில் மெத்தென்று ஏதாவது வைக்க வேண்டும் என்றாள் சுகந்தி. தூக்கோடு வந்து நின்ற கோமதி, "பழைய ஜமக்காளம் இருக்குது, எடுத்துக்கினு வரேன்" என்றாள். "தறியில பாவு நூலு ஒரே எடத்துல உரசிக்கினே இருந்தா அறுந்துடும். கயிறு மட்டும் என்ன."

ஏகாம்பரம் மறுநாள் புதுக் கயிறுகளை வரிசையாக வைத்துச் சூடம் ஏற்றினார். குங்குமத்தைக் குழைத்துக்கொண்டு குனிந்தவரைச் சுகந்தி தடுத்தாள்.

"பொட்ட பக்கிள்ள வைங்கண்ணா. கயித்துல எதுவும் படக்கூடாது. சுண்ணாம்புகூட படாம பாத்துக்கணும்."

பக்கிளில் வைத்தார். எந்தச் சாஸ்திரமும் மீறப்படவில்லை.

பிறகு வந்தது அந்த நாள்.

முந்தைய இரவு நல்ல மழை. காலையில் சுகந்தி சாரத்தைத் தட்டித் தட்டிப் பார்த்து, சில கட்டுகளை மாற்றச் சொன்ன பிறகுதான் ஏற விட்டாள். துவாரபாலகரின் வியக்கும் கைக்குக் கடைசி வேலையாகத் தங்க வண்ணம் தீட்ட வேண்டியிருந்தது. "மோதிரம் போடுறேன், வந்து பாரு" என்று தாமு மனைவியிடம் சொல்லியிருந்தார். கோமதி தறியை நிறுத்திவிட்டு என் மாடிக்கு வந்திருந்தாள். அவள் விரல் நுனிகளில் அரக்குச் சாயம். எதிரே தாமுவின் விரல்களில் தங்கம்.

அவர் எங்களைப் பார்த்துவிட்டு, தூரிகையை உயர்த்திக் காட்டினார். பின் ஓர் அடி பக்கவாட்டில் நகர்ந்தார்.

பலகை சாய்ந்தது.

சத்தம் எதுவும் இல்லை என்பதுதான் இன்றுவரை என்னை உறங்கவிடாதது. ஒரு மனிதர் விழும்போது ஏதாவது ஒலி இருக்க வேண்டாமா? பெயிண்ட் டப்பா மட்டும் கட்டைகளில் மோதிக் கீழே போய்ப் பச்சை வலையில் விழுந்து, தங்கமாய்ச் சிதறியது. தாமு இருந்த இடத்தில் துவாரபாலகரின் கை மட்டும் இருந்தது.

பிறகு, அந்தக் கைக்குக் கீழே, கயிற்றின் நுனியில் அவர்.

கோமதி கைப்பிடிச் சுவரைப் பற்றியிருந்தாள். கத்தவில்லை. "ஆடுது" என்றாள். "ஆடுதுக்கா." சிறிது நேரம் கழித்து, தறியில் இழையைப் பார்க்கும் அதே உன்னிப்போடு, "கயிறு புடிச்சிக்கினு இருக்குது" என்றாள்.

இரண்டாம் நிலை வாசலிலிருந்து சுகந்தியின் தலை வெளியே வந்தது. மேலே ஒருவர் தொங்கிக்கொண்டிருக்கும்போது அவள் குரல் தேநீர் கேட்கும்போது இருப்பதைப் போலவே இருந்தது.

"தாமு அண்ணா, கேக்குதா? இடுப்புப் பக்கம் ஒரு வளையம் இருக்குது பாருங்க, அத கீழ விட்டு அதுல கால் வைங்க. வெச்சி நில்லுங்க. கால சும்மா தொங்க விடாதீங்க."

ஏன் அப்படி என்று பின்னால் சொன்னாள். பெல்ட்டில் அசையாமல் தொங்கினால் தொடையில் ரத்தம் கட்டிக்கொள்ளும். காப்பாற்றிய பெல்ட்டே சிறிது நேரத்தில் ஆபத்தாகிவிடும். விழாமல் பிடிப்பது பாதிதான், பிடித்தவரை உடனே உள்ளே எடுப்பது மீதி. அதற்கும் அவள் ஏற்கெனவே ஆட்களைப் பழக்கி வைத்திருந்தாள். ஒருவர் கயிற்றைத் தன் பக்கம் வளைத்தார்; ஏகாம்பரமும் இன்னொருவரும் தாமுவின் தோள்பட்டையைப் பற்றினார்கள். ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள், அவருடைய கால்கள் இரண்டாம் நிலை வாசலுக்குள் மறைந்தன.

கோமதி அதன்பின்தான் படி இறங்கினாள். இறங்க இறங்க வேகம் கூடியது. நான் போய்ச் சேர்ந்தபோது தாமு பிராகாரத்தில் உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தார். முழங்கையில் சிராய்ப்பு. வேறொன்றும் இல்லை. அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"சட்டையெல்லாம் கோல்டு பெயிண்ட்டு" என்றாள். "இத யாரு தொவைக்கிறது?"

"தொவைக்காத. அப்படியே ஜரிகையா நெய்யி" என்றார் அவர்.

அவள் அவர் தோளில் ஓர் அடி வைத்தாள். பிறகு அந்தக் கையை எடுக்கவில்லை.

சுகந்தி தாமுவின் பெல்ட்டைக் கழற்றி வாங்கினாள். கயிற்றுக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் ஒரு சிறு பை இருக்கும். அதற்குள் மடித்துத் தைத்த பட்டை. விழுந்த வேகத்தில் அந்தத் தையல் பிரிந்து, பட்டை நீளமாக வெளியே வந்திருந்தது. கத்தரிக்கோலை எடுத்து அவள் பெல்ட்டைக் குறுக்கே வெட்டினாள்.

"ஐயோ, புதுசு மேடம்" என்றார் ஏகாம்பரம்.

"அது ஒரு தடவதான் வேலை செய்யும்ண்ணா. செஞ்சிடுச்சி."

கோமதி அந்தப் பட்டையை வாங்கி விரல்களுக்கிடையே ஓட்டினாள். பிரிந்த தையலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தெருவில் யாருடைய சேலையாக இருந்தாலும் அவள் அப்படித்தான் பார்ப்பாள்.

"அறுந்து போகலக்கா" என்றாள் என்னிடம். "ஒவ்வொரு தையலா விட்டுக்குடுத்திருக்குது."

இதைவிடச் சிறப்பாக அதை எப்படிச் சொல்வது? விறைத்து நின்றிருந்தால் அவர் எலும்பு நொறுங்கியிருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்து, அவரை விடாமல் பிடித்திருக்கிறது. எங்கோ ஓர் ஊரில், முகம் தெரியாத யாரோ ஒருவர் எந்தத் தையல் எப்போது பிரிய வேண்டும் என்று கணக்கிட்டுத் தைத்திருக்கிறார். தாமு என்றொருவர் இருக்கிறார் என்பதே அவருக்குத் தெரியாது. அந்தப் பிரிந்த பட்டையின் முன் நான் கைகூப்பாத குறையாக நின்றிருந்தேன்.

எல்லோருக்கும் மூச்சு திரும்பியதும் ஏகாம்பரம் வாயைத் திறந்தார். "ஏம்பா, சாமி கை பக்கத்துலதான இருந்துச்சி? எட்டிப் புடிச்சிருக்கலாமே."

"புடிக்கலாம்னுதாண்ணா கை போச்சி" என்றார் தாமு. சோடாவை ஒரு மிடறு விழுங்கினார். "பெயிண்ட் ஈரமா இருந்துச்சி. இழுத்துக்கினேன்."

பிராகாரமே சிரித்தது. சுகந்திகூடத் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

நான் சிரிக்க முடியாமல் நின்றேன். விழுகிற மனிதருக்கு அத்தனை அவகாசம் உண்டா? உண்மையாகவே இழுத்துக்கொண்டாரா, அல்லது பின்னால் அப்படித் தோன்றியதா? எனக்குத் தெரியாது. மறுநாள் மாடியிலிருந்து அந்தக் கையை நெடுநேரம் பார்த்தேன். தங்க மோதிரங்களில் ஒரு கீறல்கூட இல்லை. மலர்ந்த விரல்களோடு துவாரபாலகர் எப்போதும்போல் வியந்துகொண்டிருந்தார். இம்முறை உள்ளே பார்த்து வியக்கிறாரா, வெளியே தொங்கும் கயிற்றைப் பார்த்தா என்ற ஐயம் எனக்கு வந்தது.

கும்பாபிஷேகம் சிறப்பாக நடந்தது. சாரம் பிரித்தார்கள். குழாய்களையும் கயிறுகளையும் எடுத்துப் போனார்கள். கோபுரத்தை அண்ணாந்து பார்த்து எத்தனையோ பேர் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். அந்த அழகுக்குப் பின்னால் குறுக்கே கிடந்து தாங்கிய இரும்புக் குழாயைப் பற்றி எங்களில் சிலருக்குத்தான் தெரியும்.

பெல்ட் மாட்டியாகிவிட்டது என்று திருப்தி அடைந்துவிடுகிறோம். அதன் மறுமுனை எங்கே இருக்கிறது என்று கேட்பதில்லை. நம்பிக்கை வைப்பதில் நாம் யாரும் குறைந்தவர்கள் இல்லை; எதன்மேல் வைக்கிறோம் என்று தட்டிப் பார்ப்பதில்தான் சோம்பல்.

ஏ.சி. பொருத்துகிறவர் நேற்று மறுபடி வந்தார். தோளில் புத்தம்புதுப் பெல்ட். ஜன்னலைத் திறந்தார்; சட்டத்தை ஆட்டிப் பார்த்தார்; சன்ஷேடைப் பார்த்தார்; கொக்கியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எங்கம்மா மாட்டுறது?"

எனக்குத் தெரியவில்லை. சுகந்திக்கு ஃபோன் செய்தேன். "எதையும் தொடாதீங்க மேடம், ஞாயித்துக்கிழம நானே வந்து பாக்குறேன்" என்றாள்.

ஏ.சி. அட்டைப் பெட்டியிலேயே இருக்கிறது. வியர்க்க வியர்க்கத்தான் இதை எழுதுகிறேன்.